காப்பு வழங்கி பழுதுறும்போது சேமிப்பகத்தின் மீட்புத்தகைமை: அடைவு, சாவி, ஒத்திகை

ஆய்வுச்சுருக்கம்

கணினித் தரவுகளைப் படியெடுத்து வைத்துவிட்டால் அவை பாதுகாப்பாக உள்ளன என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. படியெடுக்கும் பணியைச் செய்த வழங்கியே பழுதுற்றால் அப்படிகளைத் திரும்பப் பெற இயலுமா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. சேமிப்பகம் சேதமின்றி இருந்தும் தரவை மீட்க முடியாமற்போகும் நிலைகளையும், அவற்றின் தொழில்நுட்பக் காரணங்களையும், அவற்றை முன்கூட்டியே தவிர்க்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காப்புப்படி, காப்பு வழங்கி, அடைவு, மறையாக்கச் சாவி, மீட்டெடுப்பு, எண்ணிமப் பாதுகாப்பு.

முன்னுரை

ஓலைச்சுவடியொன்றின் கயிறு அறுந்து ஏடுகள் கலைந்துவிட்டால், இடப்புற ஓரத்தில் ஏட்டெண் எழுதப்பட்டிருக்குமாயின் அவற்றை மீண்டும் அடுக்கிவிடலாம். எண் இல்லையேல் ஒவ்வோர் ஏட்டையும் படித்துப் பொருளின் தொடர்ச்சியைக் கண்டே அடுக்க வேண்டும். பல சுவடிகளின் ஏடுகள் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் அப்பணி பதிப்பாசிரியரின் ஆயுளையே விழுங்கிவிடும். இத்தனைக்கும் ஓர் ஏடுகூட அழியவில்லை. சர்வர் எனப் பேச்சில் வழங்கும் காப்பு வழங்கி பழுதுறும்போது சேமிப்பகத்திற்கு நேர்வதும் இதுவே. தரவு இருக்கிறது, அதனைத் தரவாக ஆக்கும் ஒழுங்கு தொலைந்துவிடுகிறது.

காப்புப்படி குறித்துப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் விதி 3-2-1 என்பதாகும். நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய இவ்விதி, மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என வகுக்கிறது. பயனுள்ள விதிதான். எனினும் அது படிகளை எண்ணுகிறதேயன்றி, அப்படிகளைத் திறப்பதற்கு வேண்டிய பொருள்களை எண்ணுவதில்லை. மூன்று படிகளையும் ஒரே வழங்கி எழுதி, அவற்றின் அடைவையும் சாவியையும் அவ்வழங்கி ஒன்றே வைத்திருக்குமானால், விதி முழுமையாகப் பின்பற்றப்பட்டும் மீட்பு ஒற்றை எந்திரத்தையே நம்பி நிற்கிறது.

இரு நிகழ்வுகள்

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளப் பொறியாளர் ஒருவர், துணை வழங்கியில் காலிசெய்ய வேண்டிய கோப்புறையை முதன்மை வழங்கியில் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவிலான தரவில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியது. இத்தகைய தவறு எங்கும் நிகழக்கூடியது; கற்க வேண்டியது அதன் பின்னர் வெளிப்பட்டவற்றில் உள்ளது. நாள்தோறும் தொலைவிலிருந்த மேகச் சேமிப்பகத்திற்கு அனுப்பப்படுவதாகக் கருதப்பட்ட படிகள் அங்கு இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.6 பதிப்பில் இயங்க, படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக இருந்தமையால் ஒவ்வொரு முறையும் பிழையுடன் நின்றுபோயிருந்தது. பிழையை அறிவித்த மின்னஞ்சல்கள், அனுப்புநரைச் சரிபார்க்கும் விதியால் பெறுநரின் அஞ்சல் வழங்கியில் மறுக்கப்பட்டன. வட்டின் உடனடிப் படிம வசதி தரவுத்தள வழங்கிகளுக்கு இயக்கப்பட்டிருக்கவில்லை. இறுதியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் பொறியாளர் ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த படிமம். அதனைத் திரும்ப நகலெடுக்கவும், வட்டின் வேகம் குறைவாக இருந்தமையால், ஏறத்தாழ 18 மணி நேரம் தேவைப்பட்டது. இவ்வளவையும் அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது.

இரண்டாவது நிகழ்வு 2021 டிசம்பரில் சப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. மீத்திறன் கணினியின் காப்புப்பணியைச் செய்த ஸ்கிரிப்ட் இயங்கிக்கொண்டிருந்த வேளையிலேயே அதன் புதிய வடிவம் மேலெழுதப்பட்டது. ஷெல் மொழிபெயர்ப்பி ஒரு ஸ்கிரிப்டை முழுவதும் படித்து முடித்த பின் இயக்குவதில்லை. படிக்கப் படிக்க இயக்குகிறது. ஆகவே பாதியிலிருந்து புதிய வடிவம் படிக்கப்பட்டு, மதிப்பு அளிக்கப்படாத மாறியுடன் நீக்கக் கட்டளை இயங்கியது. பழைய பதிவேடுகளுக்குப் பதிலாக ஆய்வாளர்களின் கோப்புகள் அழிந்தன. 77 டெராபைட், ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள். பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக்குழுக்களுள் நான்கின் தரவை மீட்க இயலவில்லை. காப்பு அமைப்பு பழுதுறுதல் என்பது அது நின்றுபோவதை மட்டும் குறிப்பதன்று. தவறாக இயங்குவதையும் குறிக்கும்.

அடைவு தொலைதல்

சுவடி நூலகத்தில் அடைவு எதுவோ, காப்பு வழங்கியில் தரவுத்தளம் அது. எந்தக் கோப்பு எந்நாளில் எந்த நாடாவில் எவ்விடத்தில் எழுதப்பட்டது என்பதை அது பதிந்துவைக்கிறது. பேக்குலா போன்ற மென்பொருள்கள் இவ்வடைவை நாடாவிலிருந்து பிரித்துத் தனித் தரவுத்தளமாகப் பேணுகின்றன. வழங்கியின் வட்டு கெட்டால் அடைவு போய்விடும். நாடாக்கள் அலமாரியில் அப்படியே இருக்கும்.

இந்நிலை முற்றிலும் நம்பிக்கையற்றதன்று. பேக்குலா, கோப்பின் பெயர், உரிமை, நேரம் முதலிய விவரங்களை நாடாவிலும் உள்ளடக்கத்துடன் சேர்த்தே எழுதுகிறது. அடைவு இன்றியே கோப்புகளைப் பிரித்தெடுக்க பிஎக்ஸ்ட்ராக்ட் என்னும் கருவியும், நாடாவைப் படித்து அடைவை மீண்டும் உருவாக்க பிஸ்கேன் என்னும் கருவியும் அதனுடன் வருகின்றன. ஏட்டின் ஓரத்தில் எண் எழுதியதற்கு ஒப்பான ஏற்பாடு இது.

ஆயினும் அதற்கான விலை நேரம். எல்டிஓ-8 வகை நாடா ஒன்றின் கொள்ளளவு சுருக்கமின்றி 12 டெராபைட். இயக்கியின் உச்ச வேகம் நொடிக்கு 360 மெகாபைட். ஒரு நாடாவைத் தொடக்கம் முதல் முடிவு வரை படிக்க 9 மணி நேரத்திற்கு மேலாகும். ஒரே இயக்கியில் 20 நாடாக்களைப் படிக்க ஏழரை நாள்களுக்கு மேல் வேண்டும். அதன் பின்னரே மீட்பு தொடங்கும். சில கிலோபைட் அளவே உள்ள ஓர் உரைக்கோப்பு இந்த ஏழரை நாளைத் தவிர்க்க வல்லது. ஒவ்வொரு பணியின் முடிவிலும், எந்த நாடாவின் எப்பகுதியில் தரவு உள்ளது என்பதைத் தொடக்கக் கோப்பாக எழுதும் வசதி பேக்குலாவில் உண்டு. அக்கோப்பு வேறோர் எந்திரத்தில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வழங்கியின் வட்டிலேயே அதனை எழுதிவைப்போர் பலர். அது எழுதாமைக்குச் சமம்.

பிற்கால மென்பொருள்கள் இச்சிக்கலை வேறு விதமாக அணுகுகின்றன. ரெஸ்டிக், போர்க்பேக்கப், ப்ராக்ஸ்மாக்ஸ் காப்பு வழங்கி ஆகியவை தரவைச் சிறு துண்டுகளாக்கி, ஒரே துண்டு இருமுறை வந்தால் ஒருமுறை மட்டுமே சேமிக்கின்றன. ப்ராக்ஸ்மாக்ஸ் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பையே பெயராக இடுகிறது. பெயரைக்கொண்டு அத்துண்டு எந்தக் கோப்பைச் சேர்ந்தது என அறிய இயலாது. கலைந்த ஏடுகளின் பெட்டி என்பது இங்கு உவமையன்று, உண்மை நிலையே. எனினும் துண்டுகளைக் கோக்கும் சுட்டுக்கோப்புகள் அதே சேமிப்பகத்தில் உடன் வைக்கப்படுவதால், வழங்கியின் இயங்குதளம் முற்றிலும் அழிந்தாலும் புதிய எந்திரத்தில் மென்பொருளை நிறுவி, பழைய சேமிப்பகத்தை இணைத்து, மீட்பைத் தொடங்கலாம். பயனர் கணக்குகள், கால அட்டவணை, அணுக்க உரிமைகள் போன்ற அமைப்புக் கோப்புகள் மட்டும் போய்விடும். அவற்றையும் தனியே படியெடுப்பது சில நிமிடப் பணி.

இந்த ஏற்பாட்டிலும் ஓர் இடர் உண்டு. நூறு நாள்களின் படிகள் ஒரே துண்டைப் பகிர்ந்துகொண்டால், அத்துண்டு சிதையும்போது நூறு நாள்களும் ஒருசேரப் பழுதாகும். நூறு படிகள் இருப்பதாகத் தோன்றினாலும் அங்கே இருப்பது ஒன்றே.

வட்டுகளும் கட்டுப்படுத்தியும்

சேமிப்பக வட்டுகள் காப்பு வழங்கியின் உள்ளேயே இருக்கும்போது தாய்ப்பலகை எரிந்தாலும் வட்டுகள் பிழைக்கலாம். அவற்றை வேறு எந்திரத்தில் பொருத்தினால் படிக்க முடியுமா என்பது அவை கோக்கப்பட்ட முறையைப் பொறுத்தது. வன்பொருள் ரெய்டு கட்டுப்படுத்திகள் தத்தம் தயாரிப்பாளருக்கே உரிய வடிவில் விவரங்களை எழுதுவதால், பெரும்பாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டுப்படுத்தி வேண்டும். பத்தாண்டு பழைய எந்திரத்திற்கு அது சந்தையில் கிடைப்பது அரிது. லினக்ஸின் மென்பொருள் ரெய்டும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையும் தேவையான விவரங்களை வட்டுகளிலேயே எழுதுகின்றன. எனவே அம்மென்பொருள் உள்ள எந்த எந்திரத்திலும் அவ்வட்டுகளை ஒருங்கிணைக்கலாம். விலையுயர்ந்த கட்டுப்படுத்தியை விட இவ்விடத்தில் இலவச மென்பொருளே பாதுகாப்பானது.

கட்டடமே எரிந்தால் இவையெல்லாம் பொருளற்றவை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேசோன் நகர அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தீ பரவியபோது, அரசு ஊழியர்களின் கோப்புகளைக் கொண்டிருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அளவு பெரிதாக இருந்தமையால் அதற்கு வெளியிடப் படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கவில்லை.

சாவியின் இருப்பிடம்

மறையாக்கம் செய்யப்பட்ட காப்புப்படியில் சாவி தொலைந்தால் மீட்க வழியே இல்லை. மறையாக்கம் சரியாக அமைந்திருப்பதற்கு அதுவே சான்று. ரெஸ்டிக் மென்பொருளில் சாவி, கடவுச்சொல்லால் காக்கப்பட்டுச் சேமிப்பகத்திலேயே இருக்கிறது. கடவுச்சொல் ஒன்றை நினைவில் காத்தால் போதும். போர்க்பேக்கப் இரு முறைகளை அளிக்கிறது. ஒன்றில் சாவி சேமிப்பகத்திலும், மற்றொன்றில் படியெடுக்கப்படும் கணினியிலும் இருக்கும். இரண்டாவது முறை ஊடுருவலுக்கு எதிராக வலுவானது. ஆனால் அக்கணினி அழியும் நாளில்தான் சாவி தேவைப்படுகிறது. அச்சாவி அக்கணினியின் காப்புப்படிக்குள் இருப்பதாக ஆறுதல் கொள்வது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதாகும். ப்ராக்ஸ்மாக்ஸிலும் சாவி படியெடுக்கப்படும் கணினியின் பக்கமே உருவாகிறது.

இதனால்தான் போர்க்பேக்கப், ப்ராக்ஸ்மாக்ஸ் ஆகிய இரண்டும் சாவியைத் தாளில் அச்சிடும் கட்டளையைக் கொண்டுள்ளன. மின்சாரமின்றிப் படிக்கக்கூடிய ஊடகத்தையே கணினி வல்லுநர்கள் இறுதிப் புகலிடமாகக் கொண்டது சுவடித்துறையினருக்கு வியப்பளிக்காது.

சாவியின் சிக்கலை ஒத்தது சுழற்சிச் சார்பு. காப்பு வழங்கி ஒரு மெய்நிகர் எந்திரமாக இயங்குகிறது. அது இயங்கும் தொகுதியின் மீட்புக்கே அது தேவை. நுழைவுக்கான பயனர் சரிபார்ப்பு வேறொரு வழங்கியில், அதுவும் வீழ்ந்துவிட்டது. கடவுச்சொற்பெட்டகமும் அத்தொகுதியில்தான். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் முறையான ஏற்பாடு. அனைத்தும் ஒருசேர வீழ்ந்த பின்னரே வட்டம் கண்ணுக்குப் புலப்படும்.

எண்ணிமமாக்கத் திட்டங்களின் நிலை

சுவடிகளையும் பழைய அச்சுநூல்களையும் படிமங்களாக்கும் திட்டங்களில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. படிமக் கோப்புகள் பெரும்பாலும் வரிசையெண்களையே பெயராகக் கொண்டவை. எந்த எண் எந்தச் சுவடியின் எந்த ஏடு என்பது தனித் தரவுத்தளத்தில் இருக்கும். பெரிய கோப்புகளான படிமங்களுக்குப் படி எடுத்து, சிறிய தரவுத்தளத்தை விட்டுவிட்டால், மீட்கப்படும் பல்லாயிரம் படிமங்கள் பெயரற்றவையாகவே இருக்கும். மூல ஏடு செல்லரித்த பின் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

இதற்குரிய எளிய தீர்வு பேக்இட் என்னும் பொதி வடிவம். அமெரிக்கக் காங்கிரசு நூலகமும் கலிபோர்னியா எண்ணிம நூலகமும் வளர்த்த இவ்வடிவம் 2018இல் இணையப் பொறியியல் ஆவணமாக ஆர்எஃப்சி 8493 என்னும் எண்ணில் வெளியானது. உள்ளடக்கம் ஒரு கோப்புறையில். ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணும் ஓர் உரைக்கோப்பில். பொதியைப் பற்றிய விவரம் மற்றோர் உரைக்கோப்பில். எந்த மென்பொருளும் இன்றி வெறும் உரைத்திருத்தியாலேயே படிக்கலாம். ஏட்டு விவரத்தையும் அப்பொதிக்குள்ளேயே ஓர் உரைக்கோப்பாக இட்டுவைத்தால் காப்பு வழங்கி, அடைவு இரண்டும் போன பின்னரும் பொதி தன்னைத் தானே விளக்கும்.

ஒத்திகை

படி எடுக்கப்பட்டது என்னும் பச்சைக்குறி, எழுதும் பணி முடிந்ததை மட்டுமே கூறும். ரெஸ்டிக்கின் சரிபார்ப்புக் கட்டளையும் இயல்பாகச் சேமிப்பகத்தின் கட்டமைப்பையே சோதிக்கிறது. உள்ளடக்கத்தைப் படித்துச் சோதிக்கத் தனி விருப்பத்தேர்வு தர வேண்டும். பெரிய சேமிப்பகமாயின் அதனைப் பன்னிரண்டு பகுதிகளாக்கி மாதம் ஒரு பகுதியைச் சோதிக்கவும் அக்கட்டளை இடமளிக்கிறது.

உண்மையான ஒத்திகை, காப்பு வழங்கியை அணைத்துவிட்டுத் தொடங்குவதாகும். மென்பொருள் எதுவுமற்ற புதிய எந்திரம் ஒன்றும், வெளியிடத்தில் உள்ள படியும், உறையிலிட்ட தாளும் மட்டுமே கையில் இருக்க வேண்டும். அமைப்பை நிறுவியவர் அன்று உதவக் கூடாது. அவர் பணிமாறிச் சென்ற பின்னரே பெரும்பாலான பழுதுகள் நேர்கின்றன. நேரத்தையும் குறிக்க வேண்டும். நொடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பில் 10 டெராபைட் தரவைத் திரும்பக் கொணர முழு வேகத்தில்கூட 22 மணி நேரம் ஆகும்; இணைப்பு பகிரப்பட்டதாயின் இதுவும் போதாது. ஒத்திகையில் மீண்ட கோப்புகளை உரியவர்களே திறந்து பார்த்தல் வேண்டும். கோப்பின் அளவு சரியாக இருப்பதை நிருவாகி காண்பார். அதில் உள்ள ஏடு தாம் பதிப்பித்த ஏடுதானா என்பதை ஆய்வாளரே அறிவார்.