நிழலிடத்துக்கு ஏற்ற ஆடாதோடை

நெசவாளர் வீட்டுக் கொல்லையிலும் விவசாயியின் தோப்பிலும் ஒன்றும் பயிரிடாமல் விட்ட மூலை ஏதேனும் இருக்கவே செய்யும். வடபுறச் சுவரோரம், தென்னைகளின் இடைவெளி, வேம்பின் அடி ஆகிய இடங்களில் வெயில் குறைவாதலால் கத்தரியும் வெண்டையும் சரிவரக் காய்ப்பதில்லை. ஆகவே அவற்றைக் குப்பைக்கும் களைக்கும் விட்டுவிடுகிறோம். அத்தகைய இடங்களில் ஆடாதோடையை நட்டுப் பயன்பெறுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆடாதோடை ஆண்டு முழுவதும் பசுமை மாறாத குற்றுச்செடி. ஆள் உயரத்துக்கும் சற்று மேலாக வளரும். இலை நீண்டு கூரிய நுனியுடன் இருக்கும். வெண்ணிறப் பூவில் ஊதாக் கோடுகள் காணப்படும். இலையின் கைப்பினால் ஆடு அதனைத் தொடுவதில்லை. பெயரும் அதனாலேயே வந்தது என்பர். எனவே காவல் இல்லாத இடத்திலும் இதனை அஞ்சாமல் வைக்கலாம்.

நடுவதற்கு மழைக்காலமே உகந்தது. முற்றிய தண்டை மூன்று நான்கு கணுக்களுடன் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு ஊன்றுதல் வேண்டும். நாற்றங்காலில் இரண்டு மாதம் வைத்து, வேர் பிடித்தபின் இரண்டடி இடைவெளியில் நடலாம். இளம் பருவத்தில் மண் காயாதவாறு நீர் விட்டால் போதும். வேரூன்றிய பின் வறட்சியையும் தாங்கும். ஆனால் நீர் தேங்கினால் வேர் அழுகும். நிழலைத் தாங்கும் என்பதற்காக வெளிச்சமே புகாத இடத்தில் வைத்தலும் கூடாது. அங்கே தண்டு மெலிந்து நீளும், இலை குறையும். காலையிலோ மாலையிலோ சிறிது நேரம் வெயில் படும் இடமே நன்று.

செடி நன்கு தழைத்த பின்னரே இலைக்காக வெட்டலாம். முழங்கால் உயரத்துக்கு மேல் கவாத்துச் செய்தால் மீண்டும் துளிர்க்கும். எல்லாக் கிளைகளையும் ஒரே வேளையில் மொட்டையடித்தல் ஆகாது.

வெட்டிய தழையை நெல் வயலில் மிதித்துப் பசுந்தாள் உரமாக்கலாம். பூச்சிகளை அண்டவிடாத தன்மை உண்டாகையால் பழங்களை அடுக்கிவைக்கவும் இவ்விலையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம்.

நெசவாளருக்கு இதனால் கிடைப்பது மஞ்சள் சாயம். நறுக்கிய இலையை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால் சாயநீர் கிடைக்கும். பருத்தி நூலை முன்னதாகக் கடுக்காய் நீரிலும், பின்னர்ப் படிகார நீரிலும் ஊறவைத்தால் சாயம் நன்கு பற்றும். அவுரி நீலம் ஏற்றிய நூலை இதில் தோய்த்தால் பச்சைச் சாயல் உண்டாகும். ஆயினும் இம்மஞ்சள் நெடுநாள் வெயிலைத் தாங்கும் என்று உறுதி கூற இயலாது. முதலில் ஒரு சிட்டம் நூலைத் தோய்த்து, பாதியை மூடிவைத்து, பாதியைச் சில நாள் வெயிலில் இட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தறிக்கு ஏற்ற வேண்டும். வாங்குவோரிடமும் சாயத்தின் தன்மையைச் சொல்லியே விற்க வேண்டும். சாயம் போன சேலை ஒன்று திரும்பி வந்தாலும் சங்கத்தின் முத்திரைக்கு இழுக்காகும்.

இருமலுக்கும் சளிக்கும் ஆடாதோடை சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1888-இல் ஹூப்பர் என்ற இரசாயன நிபுணர் இதன் இலையிலிருந்து வாசிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1963-இல் விற்பனைக்கு வந்த புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தும் இப்பொருளை அடியொற்றி ஆக்கப்பட்டதே. ஆனால் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. எனவே கர்ப்பிணிகள் இதனை உட்கொள்ளலாகாது. மற்றையோரும் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளல் வேண்டும்.

ஒரு வீட்டுக் கொல்லையில் கிடைக்கும் இலை ஒரு சாயத் தொட்டிக்குப் போதாது. பத்து வீட்டார் ஒரே நாளில் வெட்டிக் கொணர்ந்தால் தொட்டி நிறையும். எஞ்சிய தழையும் வெந்த சக்கையும் வயலுக்கு உரமாகும். எனவே அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் வரும் ஐப்பசி மழையில் ஐந்து போத்துகளேனும் நட்டு, இலை வெட்டும் நாளைச் சங்கக் கூட்டத்தில் கலந்து முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.