கணக்கு எல்லோர் கையிலும் ஒன்றாக இருக்கட்டும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வன்னியில் நான் பணியாற்றும் கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்த அக்கா ஒருவர் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. 2009 இல் இடம்பெயர்ந்து திரிந்தபோது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை அவர் அப்படித்தான் சுற்றிக் காப்பாற்றினார். இன்றும் முக்கியமான கடதாசிகளைப் பொலித்தீன் பையில்தான் வைத்திருக்கிறார்.

"பிள்ளை, நான் தை மாசத்தோட கடனைக் கட்டி முடிச்சிட்டன். துண்டெல்லாம் இதுக்குள்ள இருக்கு. பிறகு ஏன் போனில என்ர பேருக்கு நேர 18,500 ரூபா நிக்குது? ஊர்ச்சனம் என்ன நினைக்கும்?"

துண்டுகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தோம். அதுவும் சரி. அப்படியானால் பிழை எங்கே?

அந்த ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கைச் செயலாளரான தங்கை கணினியில் எக்செல் விரிதாளாகப் பதிந்திருந்தார். அங்கத்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் அந்தக் கோப்பை அப்படியே வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஒருவர் அதைத் தொலைபேசியில் திறந்து பார்க்கும்போது, பெயர்கள் இருந்த நிரலை மட்டும் தெரியாத்தனமாக வரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின; தொகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. வேறொருவரின் நிலுவை இந்த அக்காவின் பெயருக்கு நேரே வந்து நின்றது. மாறிய அந்தப் பிரதி பல தொலைபேசிகளுக்குப் போய்விட்டது.

எவரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் கணவனின்றிக் குடும்பத்தைச் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு ஊரில் உள்ள நாணயம்தான் அடுத்த கடனுக்கான பிணை. அது ஓர் இரவில் ஆட்டங்கண்டது.

என்னுடைய பிழையும் இருந்தது

அந்த விரிதாளின் மாதிரியைச் சங்கத்துக்குக் கொடுத்தவள் நான். அடையாள அட்டை இலக்கம், யார் கணவரை இழந்தவர், யார் காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருப்பவர் போன்ற விபரங்கள் கொண்ட நிரல்களை அதில் மறைத்து வைத்திருந்தேன். மறைத்தால் போதும் என்று நினைத்தேன். எக்செல் கோப்பில் மறைத்த நிரலை யாரும் ஒரு நொடியில் வெளிக்கொணரலாம். நம்பிச் சொன்ன விபரங்கள் அந்தக் கோப்போடு சேர்ந்து ஊரைச் சுற்றின. அதற்காக அடுத்த கூட்டத்தில் அங்கத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

விரிதாள் என்பது கணக்குச் செய்யும் மேசை. கூட்டலாம், மாற்றலாம், அழிக்கலாம். மற்றவர்கள் பார்க்க வேண்டியது செய்து முடித்த கணக்கின் பக்கத்தையே. அதற்கு உகந்தது பி.டி.எவ் கோப்பு. அடோபி நிறுவனம் 1993 இல் இதனை அறிமுகப்படுத்தியது. 2008 இல் இது சர்வதேச தர நியமமாகியது. எழுத்துருவையும் ஒவ்வொரு வரியின் இடத்தையும் இக்கோப்பு தன்னோடு கொண்டுசெல்லக் கூடியது. ஆகவே எந்தத் தொலைபேசியில் திறந்தாலும் ஒரே தோற்றம்தான்.

நமக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் பகுதிகளில் பலர் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் எக்செல் கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான் தெரியும். பி.டி.எவ் ஆக மாற்றி அனுப்பினால் தமிழ் தமிழாகவே தெரியும்.

மாற்றுவது எப்படி?

சங்கத் தங்கைகளோடு இருந்து நாங்கள் செய்து பழகிய முறை இது.

முதலில், மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுங்கள். பொதுவில் தெரியக்கூடாத நிரல்களைப் பிரதியிலிருந்து நீக்குங்கள்.

இரண்டாவதாக, இலக்கங்களைச் சரிபாருங்கள். நிரல் ஒடுங்கியிருந்தால் தொகைக்குப் பதிலாக வேலிபோன்ற குறிகள் தெரியும். நிரலை அகட்டினால் சரியாகிவிடும். 2016 முதல் வழங்கப்படும் அடையாள அட்டை இலக்கம் 12 எண்கள் கொண்டது. எக்செல் அதனைப் பெரிய தொகையென்று எண்ணிச் சுருக்கிக் காட்டும். தொலைபேசி இலக்கத்தின் முதற் பூச்சியத்தையும் விழுங்கிவிடும். பதிவதற்கு முன்னரே அந்த நிரல்களை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவதாக, பக்கத்தை ஒழுங்குபடுத்துங்கள். 'பேஜ் லேஅவுட்' பகுதியில் ஏ4 தாளைத் தெரிவுசெய்து, நிரல்கள் அதிகமென்றால் 'லாண்ட்ஸ்கேப்' முறையில் தாளைக் கிடையாக்குங்கள். எல்லா நிரல்களும் ஒரே பக்க அகலத்துக்குள் அடங்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் பெயர் ஒரு பக்கத்திலும் நிலுவை இன்னொரு பக்கத்திலும் போய்விடும். 'பிரிண்ட் டைட்டில்ஸ்' என்பதில் தலைப்பு நிரையைக் குறித்துவிட்டால், அது ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரும். அடியில் திகதியும் பக்க இலக்கமும் இருக்கட்டும்.

நான்காவதாக, 'சேவ் அஸ்' சென்று கோப்பு வகையில் பி.டி.எவ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். எக்செல் 2010 முதல் இந்த வசதி அதனுள்ளேயே உண்டு. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸிலும், கூகுள் ஷீட்ஸிலும் இதைச் செய்யலாம். கோப்பின் பெயரில் மாதத்தையும் ஆண்டையும் சேருங்கள்.

கடைசியாக, அனுப்புமுன் ஒரு தொலைபேசியில் திறந்து பாருங்கள். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மொத்தத் தொகையையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

இவற்றையும் மறக்க வேண்டாம்

பி.டி.எவ் கோப்பு தவறுதலாக விரல் பட்டு மாறாது; ஆனால் மாற்றவே முடியாதது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கென மென்பொருட்கள் உண்டு. எனவே தலைவியும் செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிட்ட தாள் ஒன்று சங்கத்தில் இருக்க வேண்டும். அதன் பிரதியை அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள். நல்ல தொலைபேசி இல்லாத அம்மாமாருக்கும் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. கணக்காய்வு செய்பவருக்குக் கூட்டல்களைச் சோதிக்க விரிதாள் தேவைப்படும். அதை அவருக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் சரியான கணக்கைச் செயலாளர் உரத்து வாசித்தார். பி.டி.எவ் கோப்பும் எல்லோருக்கும் போனது. அந்த அக்கா மகளின் தொலைபேசியை ஒரு கையிலும் கடைசித் துண்டை மறு கையிலும் வைத்து, தன் பெயருக்கு நேரே இருந்த பூச்சியத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

"போனிலயும் இருக்கட்டும், என்னட்டையும் இருக்கட்டும்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்தின் கணக்கையும் இந்த மாதமே இப்படிப் பகிர்ந்து பாருங்கள். நீங்கள் கட்டிய பணத்தின் துண்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.