டிபன் பாக்ஸில் ஒரு கொய்யா

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளம் பெரும்பாலும் வாரச் சம்பளம்தான். சனிக்கிழமை சாயங்காலம் பணம் கைக்கு வந்ததும் வீரபாண்டி பிரிவுப் பக்கம் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகைக்கு எடுத்து வைப்பது, சீட்டுப் பணம் என்று எல்லாம் போன பிறகுதான் பழத்தின் நினைப்பு வரும். பல வீடுகளில் அந்த நினைப்பும் வராது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போதும், சாமி கும்பிடும்போதும் வாங்குகிற பொருளாகவே பழம் நின்றுவிட்டது.

இந்த வழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். அதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. எந்தப் பழத்தை வாங்குகிறோம், அதை எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்குச் சரியான விடை தெரிந்தால் போதும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் பழம் என்று சொல்லியிருக்கிறது. நடுத்தர அளவுக் கொய்யா ஒன்று, அல்லது சின்னப் பூவன் பழம் இரண்டு. அவ்வளவுதான் அளவு.

இரத்தத்தில் இருக்கும் குறை

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கும் மேல். தையல் மெஷினில் உட்காருகிறவர்களும், செக்கிங் மேஜையில் நாள் முழுக்க நிற்கிறவர்களும் இந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, மதியத்துக்கு மேல் கண் சொருகுவது, ஒன்றரை ஷிப்ட் முடிந்தால் எழுந்திருக்கவே முடியாமல் போவது எல்லாவற்றையும் வேலைக் களைப்பு என்று விட்டுவிடுகிறோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்திருப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

நம் சாப்பாட்டில் இரும்புச்சத்து அறவே இல்லாமல் இல்லை. பருப்பிலும் கீரையிலும் கம்பு, ராகியிலும் இருக்கிறது. அது உடம்பில் சேர்வதில்தான் சிக்கல். தானியம், பருப்பு, கீரையில் உள்ள இரும்பு பெரும்பாலும் ‘ஃபெரிக்’ என்ற வடிவத்தில் இருக்கிறது. சிறுகுடல் செல்கள் உள்ளே விடுவது ‘ஃபெரஸ்’ வடிவ இரும்பை. போதாக்குறைக்கு, தானியத்திலும் பருப்பிலும் உள்ள ‘ஃபைட்டேட்’ என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட இரும்பில் பெரும்பகுதி உடம்புக்கு ஆகாமல் வெளியேறிவிடுகிறது.

இங்கேதான் வைட்டமின் சி வேலைக்கு வருகிறது. அது ஃபெரிக் இரும்புக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரஸாக மாற்றுகிறது. இரும்போடு தானே சேர்ந்துகொண்டு, ஃபைட்டேட்டின் பிடியில் சிக்காமல் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரும்பு வயிற்றில் இருக்கும் அதே நேரத்தில் வைட்டமின் சியும் அங்கே இருக்க வேண்டும். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். துணியில் சாயம் பிடிக்க உப்பும் சோடாவும் அதே சாயத் தண்ணீரில் இருக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்ட பிறகு எவ்வளவு சோடா கொட்டினாலும் பயனில்லை. மதியம் சாப்பிட்ட சோற்றுக்கு ராத்திரி சாப்பிடும் கொய்யா உதவாது.

ஹைதராபாத் விஞ்ஞானிகள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வளரிளம் பருவப் பிள்ளைகளுக்குச் சோற்றுச் சாப்பாட்டோடு 100 கிராம் கொய்யாவைக் கொடுத்து, எவ்வளவு இரும்பு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். கொய்யா இல்லாத சாப்பாட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இரும்பு உடம்பில் சேர்ந்திருந்தது. 2013-ல் வெளியான ஆய்வு இது. அதே சோற்றிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு ஒரு பழத்தால் இரட்டிப்பாகிறது.

சோற்றோடு கொய்யா, டீக்கு வாழை

டீ இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கரையாத கூட்டாகிவிடும். சோற்றோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறைகிறது என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975-லேயே காட்டினார்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இந்தப் பாதிப்பு குறையும். டீயே இல்லாமல் பனியன் கம்பெனி ஓடாது. யாரும் அதை விட வேண்டாம். காலை 11 மணி டீயும் சாயங்கால டீயும் அப்படியே இருக்கட்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் டீக்கடைக்குப் போகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். அந்த நேரத்துக்குக் கொய்யா.

வாழைப்பழத்தில் வைட்டமின் சி குறைவு. அதன் பலம் வேறு. மாவுச்சத்தும் பொட்டாசியமும் நிறைந்தது, பசியை அடக்கும், சுமந்து செல்ல எளிது, தோலே அதற்கு உறை. டீயோடு வடை, பஜ்ஜி வாங்கும் காசில் ஒரு கற்பூரவள்ளியோ பூவனோ வாங்கலாம்.

விலை ஒன்று, சத்து வேறு

வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 65 மில்லிகிராம், ஆணுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. 100 கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பெருநெல்லியில் சுமார் 250. பப்பாளியிலும் ஆரஞ்சிலும் 40-க்கு மேல். ஆப்பிளில் 5 மில்லிகிராமைத் தாண்டாது. ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையை ஆப்பிளில் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். கொய்யாவில் ஒரு பழத்தின் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆப்பிள் கெட்ட பழம் இல்லை. ஆனால் பளபளப்புக்கும் விலைக்கும் சத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இந்தக் கணக்குகளின் பிறப்பிடம் திருப்பூருக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையில் ஒரு கூடம் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூரில் இருந்த காலத்தில் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு தலைமையில் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் தயாரானது. குறைந்த காசில் நிறைவான சாப்பாட்டை எப்படித் திட்டமிடுவது என்ற கேள்வி அந்தப் பட்டியலோடு சேர்ந்தே வந்தது. நூறு வருஷத்துக்கு முன் நம் பக்கத்து மலையில் தொடங்கிய அறிவு இன்னும் லைன் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை.

வாங்குவதும் வைப்பதும்

பல்லடம் ரோட்டில் தென்னம்பாளையம் உழவர் சந்தை விடியும் முன்பே களைகட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால், அன்றைய விலையைப் பலகையில் பார்த்து விவசாயியிடமே வாங்கலாம். பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யா பெயர் பெற்றது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் வாரத்துக்குப் பழம் தாங்குமா என்ற கவலை நியாயமானது. கொய்யாவும் வாழையும் பப்பாளியும் பறித்த பிறகும் பழுக்கும் வகை. பழுக்கும்போது அவை எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்தில் இருக்கும் காயையும் சேர்த்துப் பழுக்க வைக்கும். அதனால் மஞ்சள் கண்ட கொய்யா பாதி, பச்சை மாறாத செங்காய் பாதி என்று வாங்கி, இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும். ஷீட் போட்ட அறையில் மேல் அலமாரி கொதிக்கும். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் தரையோடு, காற்றோட்டமாக வைத்தால் அதிக நாள் தாங்கும். பெருநெல்லி இவற்றைவிட நாள்பட இருக்கும். வாரக் கடைசிக்கு அது. கொய்யா வரத்து குறையும் வாரங்களில் பப்பாளித் துண்டோ, சுண்டலில் பிழிந்த எலுமிச்சையோ அதே வேலையைச் செய்யும்.

காலையில் நறுக்கி டிபன் பாக்ஸில் அடைக்க வேண்டாம். அறுத்த கொய்யா காற்றுப் பட்டுப் பழுப்பேறும். வைட்டமின் சியும் குறையத் தொடங்கும். கழுவி முழுசாகக் கொண்டுபோய், சோறு தின்று முடித்ததும் கடித்துத் தின்பதே நல்லது. ஜூஸாக்கி வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும், சர்க்கரை வந்து சேரும்.

இரத்தசோகை உறுதியானவர்கள் பழத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அவசியம். அதையும் டீயோடு விழுங்காமல் இருந்தால்தான் பலன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவர் சொல்லும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொழிலாளி தன் பங்கைச் செய்வது போல முதலாளியும் செய்யலாம். கேன்டீன் நடத்தும் கம்பெனிகள் மதியச் சாப்பாட்டுத் தட்டில் ஆளுக்கு ஒரு கொய்யா வைக்கட்டும். நூற்றுக்கணக்கான பேருக்கு மொத்தமாக வாங்கும்போது விலை இன்னும் இறங்கும், பக்கத்து விவசாயிக்கும் நிலையான வாடிக்கை கிடைக்கும். உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்பும் ஊர் இது. அதைத் தைக்கிறவர்களுக்கு நாளுக்கு ஒரு பழம் என்பது இந்த ஊரால் முடியாத காரியம் அல்ல.