வாங்கும்போதே கேளுங்கள்: இதை எப்படி அழிப்பது?

எனக்குத் தெரிந்த டியூஷன் ஆசிரியர் ஒருவர், கைப்பையில் அடங்கும் 11 அங்குல லேப்டாப்பை நான்கு வருடம் வைத்திருந்தார். ஒரு நாள் மதர்போர்டு போய்விட்டது.

"இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார். உதிரிக்கு எடுத்துக்கறேன், எண்ணூறு ரூபா தர்றேன்" என்றார் மெக்கானிக்.

"உள்ளே இருக்கிறதை அழிச்சுட்டுத் தரட்டுமா?"

"ஆன் ஆனாத்தானே சார் அழிக்க முடியும்!"

"அப்போ ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் குடுத்துடுப்பா."

"இதுல ஹார்ட் டிஸ்க்கே இல்ல சார். சின்ன சிப்பு. போர்டோட சால்டர் பண்ணியிருக்கு."

உள்ளே இருந்தவை: குடும்பத்தின் ஆதார் நகல்கள், ஊர் நிலத்தின் பட்டா, மகளின் மதிப்பெண் சான்றிதழ், பிரவுசரில் சேமித்த வங்கிப் பாஸ்வேர்டு. போர்டை யாராவது சரிசெய்தால் அத்தனையும் திறந்துகொள்ளும். எண்ணூறு ரூபாய் வேண்டாமென்று திரும்பிவிட்டார். லேப்டாப் இன்றும் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறது.

டெலீட் செய்தால் போய்விடுமா?

ஹார்ட் டிஸ்க்கில் டெலீட் செய்தால், அட்டவணையில் உள்ள பதிவுதான் போகும். பதிவேட்டில் சர்வே எண்ணை அடித்துவிட்டால் நிலம் காணாமல் போய்விடுமா? அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய தகவல் அங்கேதான் இருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. கிரெடிட் கார்டு எண்கள் மட்டும் 5,000-க்கு மேல் சிக்கின.

சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யின் குணம் வேறு. சிப்பு சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, ஒரு கோப்பின் மேல் எழுதச் சொன்னால் அது வேறு இடத்தில் எழுதிவைக்கும். பழைய நகல் ஒரு மூலையில் தங்கிவிடலாம். ஹார்ட் டிஸ்க்குக்கென்று வந்த, மேலே மேலே எழுதி அழிக்கும் மென்பொருளை இங்கே முழுக்க நம்ப முடியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

வீடு கட்டும்போதே சாக்கடைக்கு வழி விடுகிறோம். லேப்டாப்புக்கும் அப்படித்தான்.

முதலில், ஸ்டோரேஜ் கழற்றக்கூடியதா? விவர அட்டையில் '64 ஜிபி இஎம்எம்சி' என்றிருந்தால் அது போர்டோடு ஒட்டியது. விலை குறைந்த சின்ன லேப்டாப்புகளில் இதுதான் அதிகம். 'எம்.2 எஸ்.எஸ்.டி.' என்றிருந்தால் பெரும்பாலும் தனித் துண்டு. 22 மில்லிமீட்டர் அகலம், ஒற்றை ஸ்க்ரூ. போர்டு செத்தாலும் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, என்கிரிப்ஷன் உண்டா? தகவலைப் பூட்டியே எழுதும் முறை இது. சாவியை அழித்தால் மிச்சமிருப்பது குப்பைதான். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில், கருவி ஏற்றுக்கொண்டால், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கும். இப்போதைய மேக்புக்கில் ஸ்டோரேஜ் ஒட்டியதுதான், ஆனால் எப்போதும் பூட்டியே எழுதுகிறது. அதிலுள்ள ஃபைல்வால்ட் என்ற பூட்டையும் போட்டுவிட்டால் உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. குரோம்புக்கும் பூட்டித்தான் எழுதுகிறது. ஒட்டிய சிப்பு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் நாளே என்கிரிப்ஷனைப் போடுங்கள். மீட்புச் சாவியை நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் உங்களுக்கும் கதவு திறக்காது.

மூன்றாவது, லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே அழிக்கும் வசதி உண்டா? அலுவலகப் பயன்பாட்டுக்கென்று வரும் மாடல்கள் பலவற்றில் 'செக்யூர் எரேஸ்', 'டேட்டா வைப்' என்ற பெயரில் இருக்கும். இன்னொன்று, வாரண்டியில் ஸ்டோரேஜ் மாற்றினால் பழையது கம்பெனிக்குப் போய்விடும். அதை நாமே வைத்துக்கொள்ளும் திட்டத்தைச் சில கம்பெனிகள் தனிக் கட்டணத்தில் தருகின்றன. வாங்கும் அன்றே கேளுங்கள்.

கைமாற்றும் நாளில்

தேவையானதை நகலெடுத்துக்கொண்டு எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, அமைப்புகளில் 'கிளீன் டேட்டா'வையும் போடுங்கள். உயிரில்லாத லேப்டாப் என்றால், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து அழிப்புச் சான்றிதழ் கேளுங்கள். பேட்டரியோடு துளைபோட முயலாதீர்கள், தீப்பிடிக்கும்.

பொறுப்பை அடுத்தவரிடம் தள்ளிவிட்டால் தப்பிக்க முடியாது. வாடிக்கையாளர் தகவல் இருந்த பழைய கருவிகளை அகற்றும் வேலையை அனுபவமில்லாத லாரி கம்பெனியிடம் விட்டதற்காக அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி 2022-இல் கட்டிய அபராதம் 3.5 கோடி டாலர்.

தகவல் திருடப்பட்டால்

அனுமதியின்றி உங்கள் தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவில் வரும். அதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி ஏமாற்றினால் 66சி. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். சர்வீஸ் கடையின் குறைபாடு என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்காகவே பில்லும் ஜாப் ஷீட்டும் வேண்டும்.

ஆனால் வெளியே போன ஆதார் நகலை எந்தத் தீர்ப்பும் திரும்பக் கொண்டுவராது. அடுத்த முறை ஷோரூமில் விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "ஸ்டோரேஜ் கழற்ற வருமா?"