எல்லாச் சிவப்பும் உப்புக்காற்றால் வருவதில்லை

தனுஷ்கோடியில் கண் சிவந்தால் யாரும் பதறுவதில்லை. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் மணல். காற்றில் மணல் பறக்கிறது, உப்பு எரிகிறது, இரண்டு நாளில் தெளிந்தும் விடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் யுவியைட்டிஸ் என்ற உள்விழி அழற்சி தப்பிவிடுகிறது.

எப்படித் தெரியும்?

‘மெட்ராஸ் ஐ’ என்றால் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். யுவியைட்டிஸில் பொதுவாகப் பீளை இருக்காது. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவக்கும், உள்ளே குடையும், வெயிலைப் பார்க்க முடியாமல் கூசும், பார்வை மங்கும். பின்பகுதி பாதிக்கப்பட்டால் சிவப்பே இல்லாமல், கண்முன் புள்ளிகள் மிதப்பது மட்டும் தெரியலாம்.

மழைக்குப் பின் வந்த கூட்டம்

யுவியைட்டிஸுக்குக் காசநோய், மூட்டுவாதம் எனக் காரணங்கள் பல. பலருக்குக் காரணமே பிடிபடாது. 1993-இல் மதுரைப் பக்கம் பெய்த பெருமழைக்குப் பிறகு, அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவியைட்டிஸ் நோயாளிகள் திரளாக வந்தார்கள். டாக்டர் எஸ்.ஆர்.ரத்தினம் குழுவினர் ஆராய்ந்தபோது சிக்கியது எலிக்காய்ச்சல் கிருமி. காய்ச்சல் தணிந்து வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்தும் அது கண்ணைத் தாக்கும். தேங்கிய நீரில் நடந்ததையும், வந்து போன காய்ச்சலையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு சொட்டு, இரண்டு வேலை

அழற்சியில் கருவிழிப்படலம் பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஒட்டினால் கண்ணுக்குள் ஓடும் நீரின் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும், அது கிளாக்கோமா. இதைத் தடுக்கத்தான் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து. அதைப் போட்டால் கிட்டப்பார்வை மங்கும், வலைக்கண்ணி பின்ன முடியாது. அதனாலேயே முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான். மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை போட வேண்டும்.

இன்னொன்று ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் அசிடேட் சொட்டில் மருந்து அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் போட்டால் விழுவது பெரும்பாலும் தண்ணீர்தான். தொடக்கத்தில் மணிக்கொரு முறைகூடப் போடச் சொல்வார்கள். பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். சிவப்பு போனதும் நீங்களாக நிறுத்தினால் அழற்சி திரும்பும்.

மருந்தே தரும் தொல்லை

அதே ஸ்டீராய்டை மேற்பார்வையின்றி நாள்கணக்கில்லாமல் போட்டால் கண்புரையும் கிளாக்கோமாவும் வரும். வலிக்காது என்பதுதான் கொடுமை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி மறுபடி வாங்குவது, என்னைக் கேட்டால், கண்ணை அடகு வைப்பது. மாத்திரையாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

அதனால்தான் நீண்டகால நோய்க்கு, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைத் தருகிறார்கள். மதுரை அரவிந்தும் பங்கேற்ற, 216 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதே வகையைச் சேர்ந்த, விலை கூடிய மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட்டை விடச் சிறந்ததாகத் தெரியவில்லை என்றது. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒரு முறைதான் விழுங்க வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்த அணுக்களையும் ஈரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.