பழைய கார் இன்ஜினில் கசிவைக் கண்டறிதல்

இன்ஜின் கசிவைக் கண்டறிதல் என்பது, காரின் அடியில் சொட்டும் திரவம் எது, அது எந்த இடத்திலிருந்து வெளியேறுகிறது என்பவற்றை, பாகங்களைக் கழற்றும் முன்பே உறுதி செய்யும் முறையாகும். இக்கட்டுரையில் அம்பாசிடர் காரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடரை, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரித்தது.

திரவத்தை அறிதல்

இரவில் காரை நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தால், காலையில் சொட்டின் நிறமும் இடமும் தெரியும்.

- பழுப்பு அல்லது கறுப்பு நிறம், வழவழப்பு: இன்ஜின் ஆயில்.
- கெட்டித் தன்மை, கந்தக நெடி: கியர் ஆயில்.
- துருநிறத் தண்ணீர், அல்லது பச்சை நிறமும் இனிப்பு வாசனையும் கொண்ட நீர்: ரேடியேட்டர் நீர் அல்லது கூலன்ட். கூலன்ட் நச்சுத் தன்மை உடையது. நாவில் வைத்துப் பார்க்கக் கூடாது.
- விரைவில் ஆவியாகி, நெடி மட்டும் தங்குவது: பெட்ரோல்.
- இளமஞ்சள் நிறம், பெயின்டை உரிக்கும் தன்மை: பிரேக் ஆயில்.

கசிவின் தொடக்க இடம்

சொட்டு விழும் இடமே கசிவு தொடங்கும் இடம் என்று கொள்வது பொதுவான தவறு. ஆயில் புவியீர்ப்பால் கீழே வழிகிறது. ஓட்டத்தின்போது காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. எனவே ஈரமாக உள்ள பகுதிகளில் மிக உயரத்திலும் முன்புறத்திலும் உள்ளதையே முதலில் ஐயுற வேண்டும்.

இதற்கு, ஆறிய இன்ஜினின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். பின்னர் ஐயத்திற்குரிய இடங்களில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, டார்ச் விளக்கால் பார்க்க வேண்டும். பவுடர் முதலில் நனையும் இடமே கசிவின் மூலம். ராக்கர் கவர், பக்கவாட்டு டேப்பட் கவர்கள், முன்புறக் கப்பி, ஆயில் ஃபில்டர், சம்ப் என்று மேலிருந்து கீழாகச் சோதிப்பது நல்லது. ராக்கர் கவரிலும் டேப்பட் கவரிலும் உள்ள கார்க் கேஸ்கெட்டுகள் நாளடைவில் சுருங்கி இறுகிவிடும்.

பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் பிரீதர் குழாயைப் பார்க்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி, நல்ல கேஸ்கெட்டுகளின் வழியாகவும் ஆயில் வெளியேறும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தாலும் இதே நிலை ஏற்படும்.

பின்பக்கக் கசிவு

இந்த இன்ஜினின் கிராங்க் தண்டுப் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மீது வெட்டப்பட்ட திருகு வரி, தண்டு சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. இன்ஜின் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடுவதால், சில சொட்டுகள் விழுவது இயல்பே. ராக்கர் கவரின் பின்விளிம்பில் கசியும் ஆயிலும் வழிந்து இதே இடத்தில்தான் சொட்டும். பின்முனையைச் சரிசெய்யப் பெரும் பகுதியைக் கழற்ற நேரும். ராக்கர் கவர் கேஸ்கெட்டை மாற்றுவதோ சிறு வேலை. ஆகவே மேற்பகுதியைச் சோதிக்காமல் இன்ஜினை இறக்குவது வீண் செலவு. ஆயில் பட்டுக் கிளட்ச் நழுவினால் மட்டுமே பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

தோல் சீல்கள்

ரப்பருக்கு முன் ஆயில் சீல்கள் தோலால் செய்யப்பட்டன. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம், 1929இல் தோல் சீல்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1930களில் செயற்கை ரப்பருக்கு மாறியது. தோல் சீல் பொருத்திய மிகப் பழைய வண்டிகள் நெடுநாள் ஓடாமல் நின்றால், தோல் காய்ந்து விறைத்துக் கசியும்.

தண்ணீர்க் கசிவும் பாலாற்றுப் பகுதியும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் நிலத்தடி நீர் உப்பேறியது. இதுகுறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

உப்பு நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் வார்ப்பிரும்பு இன்ஜினின் நீர்வழிகள் துருப்பிடிக்கும். பக்கவாட்டில் உள்ள கோர் பிளக் என்னும் மெல்லிய எஃகு மூடிகள் அரிக்கப்பட்டு ஓட்டையாகும். கடின நீரின் காறை படிந்தால் வெப்பம் வெளியேறாது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வேலூரில் இது இன்ஜினையே கெடுத்துவிடும். காய்ந்த வெள்ளை அல்லது துருநிறக் கோடுகள் கசிவிடத்தைக் காட்டும். காய்ச்சி வடித்த நீருடன் கலந்த கூலன்ட்டே பாதுகாப்பானது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது.

வெளியே சொட்டாமலேயே நீர் குறைந்து, ஆயில் பால் கலந்த காப்பி நிறமானால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம்.

ஓட்டக் கூடாத நிலைகள்

பெட்ரோல் கசிவு தீ விபத்துக்கும், பிரேக் ஆயில் கசிவு பிரேக் செயலிழப்புக்கும் இட்டுச்செல்லும். இவை இரண்டிலும், ஆயிலில் நீர் கலந்தாலும், அளவுக்கோலின் கீழ்க்கோட்டுக்கும் கீழே ஆயில் இறங்கினாலும் காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். மற்றச் சிறு கசிவுகளில், வாரந்தோறும் அளவைக் குறித்துவந்தால் கசிவு கூடுகிறதா என்பது தெரியும். வடித்த பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மறுசுழற்சிக்காகச் சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும்.