ஐந்நூறு ரூபாய் எங்கே போனது?

அல்சூரில் குடிநீர்க் கேன் விநியோகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், சென்ற ஆண்டு மார்ச் மாத இறுதியில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் பரபரப்புக்கு நடுவே என் மேசைக்கு வந்தார். ஒரு கையில் பாஸ்புக், மறு கையில் கைப்பேசி. “சார், ஓர் அலுவலகத்தில் 800 ரூபாய் வசூலாகி, அதை நான் இங்கே கட்டியும் விட்டேன். ஆனால் செயலியில் அவர்கள் பாக்கி 300 ரூபாய்தான் குறைந்திருக்கிறது. இரண்டில் எது பொய் சொல்கிறது?” என்று கேட்டார்.

பொய் சொன்னது செயலிதான். ஏன் என்று கண்டுபிடிக்க, பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் அவருடைய மகளும் வணிகவியல் படித்த நானும் இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட வேண்டியிருந்தது.

செயலியை உருவாக்கியவர் அந்த மகளே. கடையில் மூன்று ஊழியர்கள். இருவரிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஒருவரிடம் ஐபோன். முன்பெல்லாம் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனியே நிரல் எழுத வேண்டும். இப்போது ஒரே நிரலை எழுதி இரண்டிலும் இயக்கலாம். அதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று, கூகுள் 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட ஃபிளட்டர். நம்மில் பலர் அன்றாடம் பயன்படுத்தும் கூகுள் பே செயலியே பின்னர் ஃபிளட்டரில் புதிதாக எழுதப்பட்டது. அந்தப் பெண்ணும் அதிலேயே எழுதி, மேகத்தில் இயங்கும் நிகழ்நேரத் தரவுத்தளம் ஒன்றோடு இணைத்திருந்தார். ஓர் ஊழியர் இந்திரா நகரில் வசூலைப் பதிந்தால், அதே நொடியில் அல்சூரில் தந்தையின் திரையில் எண் மாறும். அவருக்கு அதில் இருந்த பெருமிதம் நியாயமானதே.

இவ்வகைத் தரவுத்தளத்தின் சிறப்பு, கைப்பேசி அடிக்கடி சென்று ‘ஏதேனும் மாற்றம் உண்டா’ என்று கேட்க வேண்டியதில்லை என்பதுதான். இணைப்பு திறந்தே இருக்கும்; மாற்றம் நிகழ்ந்தவுடன் தரவுத்தளமே எல்லாக் கைப்பேசிகளுக்கும் தெரிவித்துவிடும். இவற்றுள் புகழ் பெற்றது ஃபயர்பேஸ். அதன் பிறப்பு சுவையானது. ஜேம்ஸ் டாம்ப்ளின், ஆண்ட்ரூ லீ என்ற இருவர் இணையதளங்களில் பொருத்திக்கொள்ளும் அரட்டைச் சேவை ஒன்றை நடத்தி வந்தனர். சில நிரலாளர்கள் அதில் அரட்டைச் செய்திகளை அனுப்பாமல், தங்கள் விளையாட்டுகளின் தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்தனர். இதைக் கவனித்த இருவரும், அரட்டைக்கு அடியில் இருந்த அமைப்பை மட்டும் பிரித்தெடுத்து 2011இல் தனி நிறுவனம் தொடங்கினர். 2014இல் கூகுள் அதை வாங்கியது.

அரட்டையிலும் விளையாட்டிலும் கடைசியாக வந்த செய்தியே உண்மை. பெங்களூருவில் 2022 நவம்பர் முதல் ஓடும் ‘நம்ம யாத்ரி’ போன்ற செயலியில் ஆட்டோ எங்கே வருகிறது என்று பார்க்கிறோமே, அங்கும் அப்படியே. ஒரு நிமிடத்துக்கு முன் அது எம்.ஜி. சாலையில் நின்றது என்ற பழைய தகவல் அழிந்து போனால் யாருக்கும் நட்டமில்லை. பாக்கிக் கணக்கு அத்தகையதன்று.

நடந்தது இதுதான். அந்த அலுவலகம் தர வேண்டியது 1,800 ரூபாய். கட்டடத்தின் அடித்தளத்தில் கைப்பேசிச் சமிக்ஞை கிடையாது. அங்கே ஒரு ஊழியர் 500 ரூபாய் ரொக்கமாகப் பெற்றார். சற்று நேரத்தில் இன்னொரு ஊழியரிடம் வேறொருவர் 300 ரூபாய் கொடுத்தார். இணைப்பு இல்லாதபோதும் செயலி தடையின்றி இயங்க வேண்டும் என்பதற்காக, இத்தகைய தரவுத்தளங்கள் மாற்றத்தை முதலில் கைப்பேசியிலேயே எழுதித் திரையில் காட்டிவிடும். இணைப்பு வந்ததும் மேகத்துக்கு அனுப்பும். முதல் கைப்பேசி 1,800இல் 500ஐக் கழித்து, பாக்கி 1,300 என்று எழுதியது. இரண்டாவது கைப்பேசிக்கு அது தெரியாது; தன்னிடமிருந்த அதே 1,800இல் 300ஐக் கழித்து, பாக்கி 1,500 என்று எழுதியது. இருவரும் மேலே ஏறி வந்ததும் முதலில் 1,300 பதிவாகி, அதன்மேல் 1,500 பதிவானது. உண்மைப் பாக்கி 1,000. ஐந்நூறு ரூபாய் வரவு சுவடின்றி அழிந்தது. திரையில் எந்த எச்சரிக்கையும் தோன்றவில்லை.

‘படித்து, கழித்து, எழுதும்’ மூன்று செயல்களையும் ஒன்றாகப் பூட்டும் வசதி இத்தரவுத்தளங்களில் உண்டு. ஆனால் அவ்வாறு பூட்டுவதற்கு மேகத்தோடு இணைப்பு இருந்தாக வேண்டும். அடித்தளத்தில் அது பயன்படாது. என்ன செய்யலாம் என்று அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருக்கையில், எனக்குக் கல்லூரியில் படித்த பேரேடு நினைவுக்கு வந்தது. 1494இல் வெனிஸில் அச்சான நூலில் லூக்கா பச்சோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கிய காலத்திலும், கணக்கர் பழைய இருப்பை அழித்துப் புதிய இருப்பை எழுதவில்லை. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு புதிய வரி எழுதினார். இருப்பு என்பது வரிகளைக் கூட்டிக் கிடைக்கும் விடை மட்டுமே. “பாக்கியைச் சேமிக்காதே அம்மா, ரசீதைச் சேமி” என்றேன். இரண்டு ஊழியர்கள் இரண்டு ரசீதுகளை எழுதினால், எது முதலில் போய்ச் சேர்ந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. அவர் ஒரே இரவில் மாற்றி எழுதிவிட்டார்.

இரண்டாம் மாலையில் வேறொன்று வெளிப்பட்டது. எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. தரவுத்தளத்தை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அதன் பாதுகாப்பு விதிகள் தீர்மானிக்கின்றன. பழகுவோரின் வசதிக்காகச் ‘சோதனை நிலை’ ஒன்று உண்டு. ஃபயர்பேஸில் அது 30 நாள்களுக்கு எவரையும் படிக்கவும் எழுதவும் விடும். நம் மாணவியும் இத்தகைய நிலையில்தான் தொடங்கியிருந்தார்; கெடு முடிந்து செயலி நின்றுபோனதும், தேதியை அடுத்த ஆண்டுக்கு மாற்றி வைத்துவிட்டார். நானூறு வீடுகளின் முகவரியும், ‘பத்து நாள் கேன் வேண்டாம்’ என்ற குறிப்புகளும் அதில் இருந்தன. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அறிய இதைவிட வசதியான பட்டியல் உண்டா? 2018இல் ஆப்தாரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தபோது, 3,000 செயலிகள் இவ்வாறு காவலற்ற 2,300 ஃபயர்பேஸ் தரவுத்தளங்கள் வழியாகத் தகவல்களைக் கசியவிட்டது தெரிய வந்தது. குறை தரவுத்தளத்தில் இல்லை. அதை அமைத்தவர்கள் விதியை எழுதாமல் விட்டதில் இருந்தது.

வங்கிச் செயலியில் காணும் இருப்பு வேறு வகையைச் சேர்ந்தது. கைப்பேசி அதைக் கணக்கிடுவதில்லை. வங்கியின் மையப் பேரேட்டைக் கேட்டுக் காட்டுகிறது. யூபிஐ பரிமாற்றத்தில் சில வேளைகளில் ‘நிலுவையில்’ என்று தோன்றும்போது வாடிக்கையாளர்கள் பதறுகிறார்கள். இன்னும் உறுதியாகாததை உறுதியானதாகக் காட்ட மறுக்கும் நேர்மை அது. உடனே மறுபடி அனுப்பாமல் காத்திருங்கள். கணக்கில் பிடித்த தொகை பெறுபவருக்குச் சேராவிட்டால், தனிநபர் பரிமாற்றத்தில் மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியதில் 5 நாள்களுக்குள்ளும் தானாகவே திரும்ப வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019 செப்டம்பர் 20ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கியின் ஆணை. கடை வைத்திருப்போருக்கு ஒரு சொல்: எதிரில் நிற்பவர் நீட்டும் திரையில் ‘வெற்றி’ என்றிருப்பது அவருடைய கைப்பேசியின் கூற்று மட்டுமே. உங்கள் கணக்கில் வரவு வந்ததா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.

கேன் முகவர் இப்போது மாதம் தவறாமல் வருகிறார். செயலியின் வசூல் பட்டியலை அச்செடுத்து, பாஸ்புக்கோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறார். நாங்கள் படித்த வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை, பெயர் தெரியாமலேயே அவர் தயாரிக்கிறார். போன மாதம் 40 ரூபாய் இடித்தது. தேடிப் பார்த்தோம். ஒரு ஊழியர் கேனுக்கான பணத்தை வாங்கிப் பெட்ரோல் போட்டுவிட்டு, எழுத மறந்திருந்தார்.